கடைசி வரி ஒரு படி கீழே

என் தப்பை நான் ரேடியோவில் கேட்டேன். வேறு ஒருத்தி வந்து இப்படிச் சொல்லியிருந்தால், கோட்டி பிடித்துவிட்டது என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டது நான்.

ஆடி அமாவாசைக்கு முந்தின வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் தாணுமாலயன் என்பவருடைய பங்களா இருக்கிறது. அவர் செங்கோட்டைக்காரர். மலையில் ஏலத்தோட்டம். சீசனுக்கு மட்டும் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு இறங்கி வருவார். அவர் மகள் பகவதிக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. படித்த பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் கிடைத்த உத்தியோகம் அதுதான்; மூன்று மாதச் சாரல் உத்தியோகம். நான் பட்டம் வாங்கிய சேதி கேட்டு கீழப்பாவூரில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “இனிமே இவளை எவன் கட்டுவான்?”

பகவதி மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் ரேடியோ. தாணுமாலயன் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட மலாயாவிலிருந்து வியாழக்கிழமைதோறும் தமிழில் பேசுவார்கள். சண்டைச் செய்தி வரும். பிறகு பிடிபட்ட சிப்பாய் யாராவது ஊரையும் பெயரையும் சொல்லி, சுகமாயிருக்கிறேன் என்பான். பிறகு ஒரு பாட்டு. அதைக் கேட்டது வெளியே தெரிந்தால் போலீஸ் வரும். அதனால் அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை என்று இருவரும் நடந்துகொண்டோம்.

அன்றைக்குப் பாட்டுக்குப் பதில் கிதார். முதல் வரி வந்ததுமே என் இடது கை விரல்கள் மேஜை விளிம்பில் தாமாக அழுந்தின. எனக்குத் தெரிந்த பாட்டு. சீமைப் பாட்டுதான், யாருக்கும் தெரிந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வரி. மூன்றாம் வரி. கடைசி வரி வந்தது. அது ஒரு படி கீழே இறங்கி வந்தது.

உலகத்தில் அந்த வரியை அப்படி வாசிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவன் ஒன்றரை வருஷமாகக் காணாமல் போன என் அண்ணன் மாடக்கண்ணு.

நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். போலீஸ்தான் வந்துவிட்டது என்று தாணுமாலயன் பாய்ந்து குமிழைத் திருகி அணைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, போடுங்க. திரும்பப் போடுங்க. அது எங்க அண்ணன்!”

“எது?”

“வாசிச்சது. அந்தக் கிதாரு. எங்க அண்ணன் மாடக்கண்ணு.”

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “நீ தனியாத்தானே வந்தே? ஒங்க சித்தப்பா வரல்லியே?”

என் சித்தப்பா முத்துராமலிங்கம் தென்காசியில் போலீஸ் ஏட்டு. வார நாட்களில் நான் தங்குவது அவர் வீட்டில். “யாரும் வரல, போடுங்க அண்ணாச்சி” என்று கத்தினேன். அவர் போட்டார். அந்தப் பெட்டி சூடேறிப் பேசுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். பேசியபோது கரகரப்புக்கு நடுவில் எவனோ ஏதோ பாஷையில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“தமிழு முடிஞ்சு போச்சு. இனி அடுத்த வியாழந்தான்.”

வாசித்தவன் பெயரை முடிவில் சொல்லியிருப்பார்கள். எப்போதும் சொல்வார்கள். இன்னும் பத்து விநாடி அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரத் தெரியவில்லை. பதினாறு வருஷம் பெஞ்சியில் உட்கார்ந்து படித்தவள்.

அடுத்த வியாழக்கிழமைக்கு ஏழு நாள். மூன்றாம் நாள் ஞாயிறு, ஆடி அமாவாசை. அன்றைக்குக் குற்றாலத்து ஆற்றங்கரையில் மாடக்கண்ணுவுக்குக் கருமாதி செய்து, அவன் பெண்சாதி வள்ளித்தாயின் தாலியை இறக்குவது என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது.

அந்தப் பாட்டு எங்களுக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் இது விளங்கும்.

தென்காசி ரயில் நிலையத்தில் ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், கார்டாக இருந்தார். எங்கள் தோப்பு மாம்பழத்தை அண்ணன் கொண்டுபோய்க் கொடுக்கப் போய்ப் பழக்கமானவர். மாற்றலாகிப் போகும்போது அண்ணனிடம் அவர் விட்டுவிட்டுப் போனவை இரண்டு: ஐந்து நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு கிதார், பெயர்ச்சீட்டு கிழிந்த ஒரு கிராமபோன் பிளேட்டு. வாசிப்பது எப்படி என்று விட்டுவிட்டுப் போகவில்லை. பிளேட்டைப் போட எங்களிடம் பெட்டியும் இல்லை. சித்தப்பாவிடம் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்பாரற்றுக் கிடந்த சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த கிராமபோன். வந்த மாதமே அதன் ஸ்பிரிங் முறிந்தது. தென்காசிக் கடைத்தெருவில் பூட்டும் தையல் மிஷினும் பழுது பார்க்கிற ஒலி முகம்மது, முறிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஆணியடித்துக் கொடுத்தார். பெட்டி ஓடியது. ஆனால் முழுச் சாவி கொடுத்தாலும் பிளேட்டு முடிவதற்கு முன்னால் அதற்குத் தெம்பு தீர்ந்துவிடும். நடுவில் சாவி கொடுத்தால் முள் துள்ளிப் பிளேட்டைக் கீறும். அதனால் கடைசி வரி எப்போதும் தொய்ந்து, கீழே சரிந்துதான் கேட்கும்.

“வாசிக்குதவன் கடைசில கெணத்துக்குள்ள எறங்கிருதாம்லே” என்று சித்தப்பா சிரிப்பார்.

எங்களுக்கு அது தொய்வு என்று தெரியாது. வேறு பெட்டியில் நாங்கள் கேட்டதில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்தோம்.

காது எனக்கு, விரல் அவனுக்கு. அதுதான் ஏற்பாடு. நான் பெட்டிக்குள் தலையை விட்டுக் கேட்பேன். ஒரு வரி முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிட்டு வாயால் பாடுவேன். அவன் கிதாரில் தேடுவான். கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கம்பிகளுக்குப் படி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

“மேலேயா?”

“இன்னும் ஒரு படி மேல. அது இல்ல, செவிட்டு மூதி. அதுக்குப் பக்கத்துல.”

“நீ வந்து அமுக்கேன், தேயுத வெரலு எனக்குல்லா தேயுது.”

ஒரு வரிக்கு நான்கு நாள் ஆனது. கடைசி வரிக்குப் பத்து நாள். மற்ற வரிகள் உட்கார்ந்த இடத்தில் அது உட்காரவில்லை. பத்தாம் நாள் கண்டுபிடித்தேன்: கையை அப்படியே ஒரு படி கீழே நகர்த்தி வாசித்தால் பெட்டியில் கேட்பதுபோலவே இருந்தது. அண்ணன் என்னைத் தூக்கி வைக்கோல் போரின்மேல் எறிந்தான். எனக்குப் பதினான்கு வயது. அன்றைக்கு இருந்த பெருமை பட்டம் வாங்கின அன்றைக்கும் இருந்ததில்லை.

பிறகு அவன் பட்டாளத்துக்குப் போனான். “அவ படிக்கட்டும், எனக்குப் படிப்பு வரல, நான் போறேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். கிதாரை என்னிடம் விட்டான். லீவில் வந்து வள்ளித்தாயைக் கட்டிக்கொண்டான். நாற்பது நாள் இருந்தான். அதற்குப் பிறகு கப்பல்.

மதராஸில் நான் படித்த விடுதியில் நல்ல கிராமபோன் இருந்தது. யாரோ ஒருத்தி அதே பிளேட்டைப் போட்டாள். கடைசி வரி இறங்கவே இல்லை. நின்ற இடத்திலேயே கம்பீரமாக நின்றது. ‘தப்பாயிருக்கிறதே’ என்று நான் சொல்லிவிட்டேன். பிளேட்டுத் தப்பு என்று சொன்ன பட்டிக்காட்டுக்காரி என்று ஒரு வருஷம் சிரித்தார்கள். அன்றைக்கே அண்ணனுக்கு எழுதினேன்: நமக்குக் கிடைத்தது பாட்டு இல்லை, ஒலி முகம்மது வெட்டின ஸ்பிரிங், கடைசி வரியைத் திருத்திக்கொள். மலாயாவிலிருந்து பதில் வந்தது. “இங்கே ஒரு கிதார் இருக்கிறது. எல்லாரும் என்னைத்தான் வாசிக்கச் சொல்லுகிறார்கள். நான் நம் வீட்டுப் பெட்டி மாதிரிதான் வாசிப்பேன். நீ வேண்டுமானால் திருத்திக்கொள்.”

அவனிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அதுதான். அடுத்து வந்தது சர்க்கார் தந்தி. செத்தான் என்று அதில் இல்லை. காணவில்லை என்று இருந்தது.

இதையெல்லாம் அந்த வியாழக்கிழமை தாணுமாலயனிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. முழுதும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“மோளே, ஒண்ணு கேக்கட்டா? அங்க வாசிச்சது ஆளுதான்னு எப்படிச் சொல்லுகே? அவன் பிளேட்டு போட்டிருந்தா? அந்த ஊர்லயும் ஒரு ஸ்பிரிங்கு போன பெட்டி இருக்கக்கூடாதா?”

 இதை நான் நினைக்கவில்லை.

வித்தியாசம் உண்டு; எனக்குத் தெரியும். பெட்டி தளர்ந்தால் சுரமும் இறங்கும், வேகமும் கூடவே தளரும். அண்ணன் வாசித்தால் சுரம் மட்டும்தான் இறங்கும். வேகம் அப்படியே இருக்கும். அவன் காலால் தரையைத் தட்டிக்கொண்டு வாசிக்கிறவன், அந்தக் கால் தளராது. சுரம் இறங்கியும் வேகம் தளராவிட்டால் மனுஷன். இரண்டும் இறங்கினால் மிஷின். கடைசி வரியில் வேகம் தளர்ந்ததா, இல்லையா?

நினைத்துப் பார்த்தேன். நாற்காலி விழுகிற சத்தம் ஞாபகம் வந்தது. நான் ஓடின சத்தம் ஞாபகம் வந்தது. அந்த வரி என்ன வேகத்தில் வந்தது என்று ஞாபகம் வரவில்லை.

“அடுத்த வியாழன் எங்க மதினியைக் கூட்டிட்டு வரட்டுமா அண்ணாச்சி?”

“ஏட்டையா வீட்டுப் பெண்ணு நீ. நீ வாறதே எனக்குப் பயம். நீ ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் கேக்கல. போ மோளே, வண்டி நிக்குது.”

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற யுத்தகாலத்து பஸ் பாவூர்சத்திரத்தில் இறக்கிவிடுவதற்குள் அரை நாள் தின்றுவிட்டது. வீட்டு முற்றத்தில் சித்தப்பா, லீவு போட்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா உச்சிமாகாளி அவர் பக்கத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டு, போடாமல், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, ஒரு வாரம் தள்ளி வைங்க.”

“எதை?”

“ஞாயித்துக்கெழமை காரியத்தை.”

“ஆடி அமாவாசை என்ன ஒங்க காலேஜுப் பரீட்சையாட்டி, தள்ளி வைக்க? ஏன் தள்ளணும்? காரணஞ் சொல்லு.”

காரணம் என் வாயில் இருந்தது. யாருடைய வீட்டில் கேட்டாய் என்று அவர் கேட்பார். சொன்னால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தாணுமாலயனையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு அடுத்த வியாழக்கிழமை என்று ஒன்று எனக்கு இருக்காது.

“மனசுக்குச் சரியாப் படல” என்றேன்.

“படிச்சவ பேசுத பேச்சா இது?” அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டியாண்ணே? சிங்கப்பூரு விழுந்து ஒன்ற வருசம் ஆச்சு. நம்ம பயலுவ யாரு யாருக்கோ கடுதாசி வருது. இவனுக்கு ஏன் வரல? எனக்கு மட்டும் ஆசையா? நான் தூக்கி வளத்த பய.”

அப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார். “ஒங்கம்மாகிட்டப் போயிச் சொல்லு” என்றார் என்னிடம்.

அம்மாவிடம் சண்டை போடத் தயாராகத்தான் உள்ளே போனேன். அம்மா சண்டைக்கு வரவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அவன் உசுரோட இருந்தா எங்கனயாவது தின்னுக்கிடுவான். செத்திருந்தா? நாம தண்ணி விட்டாத்தானட்டி அவனுக்குத் தண்ணி? ஒன்ற வருசமா எம்புள்ள தாகத்தோட நிக்கான்னு எனக்குத் தோணுது. ராத்திரி செம்பை எடுத்தா எனக்கு எறங்கல.”

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவின்மேல், சித்தப்பாவின்மேல், செத்தானா இருக்கிறானா என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாத சர்க்காரின்மேல், என் பி.ஏ.யின்மேல். அந்தப் பி.ஏ. இல்லாவிட்டால் அவன் இந்நேரம் வயலில் நின்றிருப்பான்.

வள்ளித்தாய் தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்து முறத்தில் உளுந்து வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வடைக்கு. தன் புருஷன் கருமாதி வடைக்கு உளுந்து பொறுக்குகிறவளைப் பார்த்ததும் முறத்தைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோ, கிதார், கடைசி வரி.

அவள் கை நின்றது. 

“எனக்குப் பாட்டுல ஏத்தம் எறக்கம் தெரியாது, உலகு. எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கும். ஆனா அவுக வாசிக்கப்ப காலால தட்டுவாகல்லா? கடைசியில மட்டும் பலமா தட்டுவாக. நாங்கூட, சாணி மொழுகின தரை பேந்து போவும், மெதுவாத் தட்டுங்கன்னு சொல்லுவேன்.” என் முகத்துக்கு நேரே திரும்பினாள். “காலு தட்டுனாகளா?”

நாற்பது நாள் குடித்தனம் பண்ணினவள், நான் ஒரு நாள் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்ததை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள்.

“தெரியல மதினி. நான் அதுக்குள்ள எந்திரிச்சு ஓடிட்டேன்.”

“நெனச்சுப் பாரு.”

“நெனச்சுட்டேன். தெரியல.”

அவள் குனிந்து மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். அந்தக் கல் ஒவ்வொன்றும் தரையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இப்போது மட்டும் நன்றாகக் கேட்டது.

சனிக்கிழமை முழுவதும் கிதாரை எடுத்து அந்த வரியை இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன். தளர்த்தி ஒரு முறை, தளர்த்தாமல் ஒரு முறை. எது காதில் பட்டதும் ‘இதுதான்’ என்று உடம்பு சொல்லுமோ என்று பார்த்தேன். பதினான்கு வயதில் எந்தச் சுரத்தையும் பிடித்துவந்து நிறுத்திய காது. அது சும்மா கிடந்தது. அம்மா வந்து, “எழவு வீட்டுல என்னட்டி மேளம்?” என்று கிதாரை வாங்கி மாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு விடியும்போது குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். ஆற்றங்கரை முழுக்கத் தலைகள். செத்தவர்களுக்குத் தண்ணீர் விட வந்தவர்கள். பெரிய அருவி பொங்கி விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வாய் அசைவதுதான் தெரியும், பேச்சுக் கேட்காது. சித்தப்பா கூட்டத்தை ஒதுக்கி எங்களுக்கு ஒரு பாறை பிடித்துக் கொடுத்தார். தர்ப்பைப் புல்லில் ஓர் ஆள் செய்தார்கள். கை, கால், தலை. இதற்கா மாடக்கண்ணு என்று பெயர்? அப்பா கொள்ளி வைத்தார். ஈரப்புல் பிடிக்காமல் புகைந்தது. மூன்று முறை வைத்தபிறகு பிடித்தது. அம்மா கும்பிட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

பிறகு வள்ளித்தாயை நனைத்துப் பாறையில் உட்காரவைத்தார்கள். அவளுடைய அண்ணன் சுந்தரபாண்டியன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றான். தட்டிலிருந்த வெற்றிலை வழுக்கி விழுந்தது. வயசான பொம்பிளைகள் நான்கு பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தி வள்ளித்தாயின் கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்தாள்.

வள்ளித்தாய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டதும் கத்தினாள். அருவி இரைச்சலில் முதல் தடவை கேட்கவில்லை. ஆனால் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை தொண்டை கிழியக் கத்தினாள்:

“உலகு! காலு தட்டுனாகளா, இல்லையா? இப்பச் சொல்லு!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் திறந்தாள். “என்ன காலு? எவன் காலு?” என்று சித்தப்பா என் பக்கம் வந்தார்.

எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, அதற்கு முந்தின நாளும் தெரியாது. தெரியாது என்பதுதான் உண்மை. அந்தப் பொம்பிளையின் கை தாலிக்கயிற்றில் இருந்தது.

“தட்டினான்!” என்று கத்தினேன். “பலமாத் தட்டினான்! தரை பேந்து போற மாதிரி தட்டினான்!”

வள்ளித்தாய் எழுந்துவிட்டாள். பிடித்திருந்த கையை உதறிவிட்டு, கோடிச் சேலையைத் தாண்டி, ஈரச் சேலை காலைத் தட்ட, தாலியை வாயில் கவ்விக்கொண்டு படியேறிப் போனாள். கூட்டம் வழிவிட்டது. சுந்தரபாண்டியன் தட்டோடு அப்படியே நின்றான். பிறகு அந்தச் சேலையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பாதி எரிந்த புல்மனிதனை யாரோ ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் சித்தப்பா என்னைத் தென்காசி வீட்டில் நிறுத்தி வைத்துக் கேட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எளிதாயிருக்கும்.

“எங்கன கேட்ட?”

நான் அடுக்களைப் பக்கம் நகர்ந்தேன்.

“யாருகிட்டயாவது ரேடியோ இருந்தாத்தான் கேட்டிருப்ப. நீ போற வீடு ஒண்ணுதான். இதைக் கண்டுபிடிக்க ஏட்டு வேணுமாட்டி?” கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “கெணத்துக்குள்ள எறங்கிச்சா கடைசில?”

“எறங்குச்சு சித்தப்பா.”

“அது பொய் இல்லையே?”

“அது பொய் இல்ல.”

எதைப் பொய் இல்லை என்று சொன்னேன் என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் பாடம் சொல்லப் போனபோது பங்களா பூட்டிக் கிடந்தது. தோட்டக்காரன் சொன்னான்: திங்கட்கிழமை காலை ஏட்டையா வந்தார், வராந்தாவில் நின்று முதலாளியைக் கேட்டார், முதலாளி பின்வாசல் வழியாகவே குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு செங்கோட்டைக்குப் போய்விட்டார். அது திருவிதாங்கூர் சமஸ்தானம், நம்ம போலீஸ் போக முடியாது. ரேடியோ? அதைப் போகிற வழியில் மடுவில் எறிந்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள், அவனுக்குத் தெரியாது.

நான் நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்: “ஒங்களுக்குத் திருப்தியா? ஒங்களுக்கு ஒரு கேஸு போச்சு, எனக்கு என் அண்ணன் போனான். வியாழக்கிழமை இனி நான் எங்க போய்க் கேப்பேன்?”

சித்தப்பா என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் உதடு கோணிக்கொண்டிருந்தது.

“கேஸுக்குப் போகலட்டி. வியாழக்கெழமை நானும் வந்து ஒருக்கா கேட்டுப் பாக்கட்டுமான்னு கேக்கத்தான் போனேன்.”

“இந்த யூனிபாரத்துலயா?”

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அதை அவர் யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாக அதைப் போடாமல் அவர் யார் வீட்டு வாசலுக்கும் போனதில்லை.

இது ஆவணி. மூன்று வியாழக்கிழமை போய்விட்டது. தென்காசியில் ரேடியோ வைத்திருக்கிற மூன்று வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஏட்டு வீட்டுப் பெண் என்றதும் கதவு மூடிக்கொள்கிறது. தாணுமாலயனுக்குச் செங்கோட்டைக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

கீழப்பாவூரில் வள்ளித்தாய் பூ வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, வாசலில் நின்று பேசுகிறாள். அண்ணன் வந்தால் போட என்று ஒரு மரப்பலகை சொல்லியிருக்கிறாள். அதன்மேல் தட்டினால் தரை பேராதாம். அம்மா செம்பில் தண்ணீர் வைத்து வாசலில் மூடி வைக்கிறாள். உயிரோடு வருகிறவனுக்கா மற்றவனுக்கா என்று யாரும் கேட்பதில்லை. அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்: “நெசமாவே தட்டினானா?” நான் ஆமாம் என்றேன். அன்றைக்குப் பிறகு ராத்திரி எடுக்கிற செம்புத் தண்ணீர் அவளுக்கு இறங்குகிறது. வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். ஒருத்தியைத் தவிர.

வியாழக்கிழமை விளக்கு வைத்ததும் வள்ளித்தாய் கிதாரை எடுத்துக்கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாள். “அவுக அங்கன வாசிக்குத நேரம். நீ இங்கன வாசி.” நான் வாசிக்கிறேன். கடைசி வரி வரும்போது கையை ஒரு படி கீழே இறக்குகிறேன். அவள் எதிரே உட்கார்ந்து தன் வலது காலால் தரையில் தட்டுகிறாள். பலமாக, தளராமல், சிரித்துக்கொண்டு தட்டுகிறாள். சாணம் மெழுகின தரையில் அந்த இடம் பெயரத் தொடங்கிவிட்டது.

நேற்றும் தட்டினாள். நேற்று, வாசித்துக்கொண்டே, அந்தப் பங்களா அறையை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தேன். பகவதி, மேஜை, சாத்திய கதவு, அதற்குப் பின்னால் கிதார். கடைசி வரியில் கால் கேட்டது. தெளிவாகக் கேட்டது. சந்தோஷத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. பிறகு மறுபடி கேட்டுப் பார்த்தேன். தட்டுகிற காலில் மெட்டி சத்தமும் சேர்ந்து கேட்டது.